பின்னேர லொறிக்கு முன்னால்: நண்டிலும் இறாலிலும் விப்ரியோவை ஒரே நாளில் கண்டறிதல்

யாழ்ப்பாணக் கடனீரேரியில் இரவு வைத்த வலைகளிலும் களங்கண்டிகளிலும் பட்ட நண்டும் இறாலும் விடியற்காலையில் பாசையூரிலும் குருநகரிலும் நாவாந்துறையிலும் கரைக்கு வருகின்றன. மதியத்துக்குள் தரம் பிரிக்கப்பட்டு, ஐஸ் போட்ட பெட்டிகளில் அடுக்கப்பட்டு, அவற்றில் ஒரு பகுதி அன்று பின்னேரமே லொறியில் கொழும்புக்குப் புறப்பட்டுவிடுகிறது. அவற்றில் தீங்கு செய்யும் பற்றீரியா இருக்கிறதா என்று வழக்கமான வளர்ப்பு முறையில் பார்த்தால் உறுதியான விடை கிடைக்க மூன்று நான்கு நாட்கள் ஆகும். அந்த விடை தாளில் எழுதப்படும்போது நண்டு சமைத்து உண்ணப்பட்டிருக்கும். எங்களுக்கு மாதிரி தந்துதவும் நண்டு வியாபாரி ஒருவர் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "தம்பி, அஞ்சு மணிக்கு லொறி வெளிக்கிட்டிடும், அதுக்கு முன்னம் சொல்ல ஏலுமெண்டால் சொல்லுங்கோ, நாளையிண்டைக்குச் சொல்லி எனக்கு என்ன பிரயோசனம்?" அவருடைய ஐந்து மணியை எல்லையாக வைத்துக்கொண்டு, டி.என்.ஏ.யை நேரடியாகத் தேடும் ஒரு சோதனையை எங்கள் சிறிய ஆய்வுகூடத்தில் அமைத்த விதத்தையும், அப்படிக் கிடைக்கும் ஒரே நாள் விடை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிகிறேன்.

நாங்கள் தேடுவது விப்ரியோ பராஹீமோலிற்றிகஸ் என்னும் பற்றீரியாவை. 1950 இல் ஜப்பானின் ஒசாகாவில், அரைகுறையாக உலர்த்திய சிறு மீன்களை உண்ட 272 பேர் நோயுற்று அவர்களில் 20 பேர் இறந்த நிகழ்வை ஆராய்ந்தபோது சுனேசபுரோ ஃபுஜினோ இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். உப்பு இல்லாவிட்டால் இது வாழாது. வெதுவெதுப்பான கரையோர நீரை விரும்பும். நண்டின் ஓட்டிலும் இறாலின் தோட்டிலும் உள்ள கைற்றினைப் பற்றிக்கொண்டு அதையே உணவாகவும் கொள்ளும். ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் எங்கள் கடனீரேரி அதற்கு இயல்பான வாழிடம். ஆகவே அது நீரில் இருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. அது எந்த அளவில், எந்த இயல்போடு உணவுக்குள் வருகிறது என்பதே பார்க்க வேண்டியது. நாங்கள் நண்டை நன்றாகக் கொதிக்க வைத்தே உண்கிறோம், அந்தக் கொதியில் இந்தப் பற்றீரியா இறந்துவிடும். ஆயினும் அவித்த நண்டின் சதையைக் கையால் பிரித்தெடுத்துப் பொதி செய்யும் இடங்களிலும், பச்சை இறால் வெட்டிய பலகையிலேயே சலாட்டுக்கு வெள்ளரிக்காய் வெட்டும் சமையலறைகளிலும், ஐஸ் உருகி வெயிலில் நின்ற பெட்டிகளிலும் அது மீண்டும் உணவுக்குள் நுழைந்து, உகந்த சூட்டில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடிய வேகத்தில் பெருகும்.

டி.என்.ஏ.யைப் பெருக்குவதற்குப் பரவலாக அறியப்பட்ட முறை பி.சி.ஆர். அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் 95 பாகை வரை ஏற்றி மீண்டும் இறக்கும் இயந்திரம் வேண்டும். அதன் விலையும், மின்தடையில் அது இடைநடுவே நின்றுபோவதும் எங்களுக்குக் கட்டுப்படியாகாதவை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததைக் கண்டவர்கள் யாழ்ப்பாணத்தில் எந்தக் கருவியைச் செய்தாலும் அதை மின்கலத்தில் ஓடும்படியே செய்ய நினைப்பார்கள். ஆகவே 2000 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட, லாம்ப் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே வெப்பநிலைப் பெருக்க முறையைத் தெரிவுசெய்தோம். இதில் வேலை செய்வது வெந்நீர் ஊற்றுகள் போன்ற சூடான இடங்களில் வாழக்கூடிய ஒரு பற்றீரியாவிலிருந்து பெறப்பட்ட பி.எஸ்.ரி. பொலிமரேசு என்னும் நொதியம். அது புதிய இழையைக் கட்டிக்கொண்டு போகும்போதே முன்னால் உள்ள பழைய இழையைத் தானே விலக்கிவிடுவதால், இழைகளைப் பிரிப்பதற்கென்று ஒவ்வொரு சுற்றிலும் சூடேற்ற வேண்டியதில்லை. தேடும் மரபணுவின் ஆறு இடங்களை அடையாளம் காணும், பிரைமர்கள் என்னும் குறுகிய டி.என்.ஏ. துண்டுகள் நான்கும், வேகத்தைக் கூட்டும் இரண்டு கண்ணிப் பிரைமர்களும் சேர்கின்றன. இத்தனை இடங்களும் பொருந்தினால்தான் பெருக்கம் தொடங்கும் என்பதே இம்முறையின் துல்லியத்துக்குக் காரணம். 60 முதல் 65 பாகைக்குள் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும் அடுப்பை நாங்களே செய்தோம். ஏறத்தாழ 300 கிராம் நிறையுள்ள அலுமினியக் கட்டியொன்றில் 0.2 மில்லிலீற்றர் குழாய்கள் இறுக்கமாக உட்காரும்படி கூம்பு வடிவத் துளைகளை லேத் பட்டறையில் இடுவித்து, பக்கவாட்டில் முப்பரிமாண அச்சுப்பொறிகளில் பயன்படும் 12 வோல்ற், 40 வாற் வெப்பக் குச்சி ஒன்றைச் செருகி, டி.எஸ். 18பி20 வெப்ப உணரியையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையையும் இணைத்தோம். கணக்கு எளிது: அலுமினியத்தின் தன்வெப்பம் ஒரு கிராமுக்கு, ஒரு பாகைக்கு 0.9 ஜூல் என்பதால், 30 பாகை அறைச்சூட்டிலிருந்து 65 பாகைக்கு ஏற்ற சுமார் 9,450 ஜூல் வேண்டும். 40 வாற்றில் அது நான்கு நிமிட வேலை. அதன் பின் ரெஜிபோம் உறைக்குள் சூட்டைத் தக்கவைக்க மிகக் குறைந்த மின்சாரமே செலவாகிறது. மோட்டார் சைக்கிள் மின்கலம் ஒன்று தாராளமாகப் போதும்.

உணரி காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அந்த உணரிக்கு அரைப் பாகை வரை பிழை இருக்கலாம் என்று அதன் உற்பத்தி விபரமே சொல்கிறது, கட்டியின் சூடும் குழாயினுள் இருக்கும் திரவத்தின் சூடும் ஒன்றல்ல. இதைச் சரிபார்க்க எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல வழி பால்மிற்றிக் அமிலம். தூய பால்மிற்றிக் அமிலம் 62.9 பாகையில் உருகும். ஒரு துகளைக் குழாயிலிட்டு, சூட்டைக் கால் பாகை கால் பாகையாக ஏற்றி, வெள்ளைத் துகள் கண்ணாடித் துளியாக மாறும் கணத்தில் பலகை காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டால், அடுப்பின் திருத்த எண் கையில் கிடைத்துவிடும். கட்டியின் நடுத்துளையிலும் ஓரத் துளையிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். நாங்கள் சோதனையை 63 பாகையில் ஓட்டுவதால் இந்தச் சரிபார்ப்பு மிகச் சரியான இடத்தில் அமைந்தது. மூடியில் நீராவி படியாதிருக்க, கலவையின் மேல் ஒரு துளி கனிம எண்ணெய் விடுகிறோம். அது ஆவியாதலைத் தடுப்பதோடு பின்னர் சொல்லப்போகும் மாசுப் பிரச்சினையையும் குறைக்கிறது.

விடையைக் கண்ணால் காட்டுவதற்கு ஹைட்ரொக்சி நப்தோல் நீலம் என்னும் சாயத்தைப் பயன்படுத்துகிறோம். டி.என்.ஏ. பெருகப் பெருக வெளிவரும் பைரோபொஸ்பேற்று, கலவையிலுள்ள மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டற்ற மக்னீசியம் குறையும்போது சாயம் ஊதா நிறத்திலிருந்து வான்நீலத்துக்கு மாறும். பினோல் சிவப்பைக் கொண்டு இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும் ஆயத்தக் கலவைகளும் சந்தையில் உள்ளன, பார்ப்பதற்கு அவை இன்னும் தெளிவானவை. ஆனால் அவை அமிலத்தன்மை மாறுவதைக் காட்டுபவை. நாங்கள் பயன்படுத்தும் வளர்ப்புக் குழம்போ காரத்தன்மை கொண்டது; அதில் சிறிதளவு மாதிரியுடன் ஒட்டி வந்தாலும் நிறம் குழம்பிவிடும். எனவே மக்னீசியத்தைப் பார்க்கும் சாயமே எங்கள் மாதிரிக்குப் பொருத்தமானது.

அந்தச் சாயம் யாழ்ப்பாணத்தில் ஒரு கூடுதல் கவனத்தைக் கேட்கிறது. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல் பாறையில் தங்கி வருவது. எங்கள் கேத்தில்களின் அடியில் படியும் வெண்ணிறப் படலம் அதன் சான்று. நீரின் வன்மையை அளக்கும் பரிசோதனைகளில் பயன்படும் நிறங்காட்டிகளில் ஹைட்ரொக்சி நப்தோல் நீலமும் ஒன்று! அதாவது, கலவைக்குள் கிணற்று நீரின் கல்சியமோ மக்னீசியமோ நுழைந்தால் சாயம் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். உண்மையில் பெருக்கம் நடந்திருந்தாலும் ஊதா நிறம் நீலமாகாமல் மங்கலாக நின்றுவிடலாம். ஆகவே கண்ணாடிப் பொருட்களின் இறுதிக் கழுவல் முதல் சாயக் கரைசல் வரை அயன் நீக்கிய நீர் மட்டுமே. கலவைக்கென்று ஊசி மருந்துக்குரிய தூய நீரைச் சிறு குப்பிகளாக வாங்கி வைத்துக்கொள்வது இதைவிட நிம்மதி.

இனி மாதிரி. வேலையின் கனதி முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த நண்டைத் தனியான கிருமிநீக்கிய பையிலிட்டுக் குளிர்பெட்டியில் கொண்டுவருகிறோம்; ஐஸ் நேரடியாக அதன்மேல் படாமல் இடையில் மடித்த துணியோ கடதாசி மட்டையோ வைக்க வேண்டும். உருகும் ஐஸ் நன்னீர். உப்பில் வாழும் விப்ரியோவின் கலங்கள் நன்னீரில் ஊறி வெடித்து இறந்துவிடும், இருந்த பற்றீரியா இல்லாததாகத் தோன்றும். அதே காரணத்தால் நண்டைக் குழாய் நீரில் கழுவி எடுப்பதும் கூடாது. ஓடு, செவுள், சதை மூன்றிலிருந்தும் எடுத்து மொத்தம் 25 கிராம் நிறுத்து, 2 வீதம் உப்பிட்ட, பி.எச். 8.6 என்ற காரத்தன்மையுள்ள 225 மில்லிலீற்றர் பெப்ரோன் நீரிலிட்டு, பையை வெளியிலிருந்து நன்றாகப் பிசைந்து, 37 பாகையில் ஆறு மணி நேரம் வைக்கிறோம். காரமும் உப்பும் சேர்ந்த இந்தக் குழம்பில் மற்றைய பல பற்றீரியாக்கள் தயங்கும்போது விப்ரியோக்கள் முந்திக்கொள்ளும். மின்சாரம் போனால் பையை வெந்நீர்ப் போத்தலோடு ரெஜிபோம் பெட்டிக்குள் மூடிவிட்டால் போதும். எங்கள் ஊர் வெயில் இந்த ஒரு காரியத்தில் ஆய்வுகூடத்துக்குத் துணை.

ஆறு மணி நேரம் ஏன், அது போதுமா என்ற கேள்விக்கு விடை காணாமல் இந்தச் சோதனையை யாரும் ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஐஸில் கிடந்து சோர்ந்த கலங்கள் பெருகத் தொடங்குவதற்கே இரண்டு மணி நேரம் எடுக்கும் என்றும், அதன் பின் 20 நிமிடத்துக்கு ஒருமுறைதான் இரட்டிக்கும் என்றும் நிதானமாகவே கணக்கிடுவோம். மீதி நான்கு மணி நேரத்தில் 12 இரட்டிப்பு, அதாவது 4,096 மடங்கு. நண்டில் கிராமுக்குப் பத்துப் பற்றீரியா இருந்ததென்றால், 250 மில்லிலீற்றர் குழம்பில் தொடக்கத்தில் 250 கலங்கள். ஆறு மணி நேர முடிவில் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஏறத்தாழ 4,096. அதில் ஒரு மில்லிலீற்றரை மையநீக்கியில் சுழற்றி 100 மைக்ரோலீற்றராகச் சுருக்கி, அதிலிருந்து 2 மைக்ரோலீற்றர் எடுத்தால் 80 கலங்களுக்குரிய டி.என்.ஏ. குழாய்க்குள் விழும். லாம்ப் முறைக்கு அது தாராளம். ஆனால் 25 கிராமில் ஒரே ஒரு கலம்தான் இருந்ததென்றால் அதே கணக்கில் குழாய்க்குள் விழுவது கலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் ஒன்றும் விழாது. ஆகவே பின்னேரம் நாங்கள் தரும் "காணப்படவில்லை" என்ற விடை, "25 கிராமில் அறவே இல்லை" என்ற தரநிலைக் கூற்றுக்கு ஈடாகாது. அதைச் சொல்ல வேண்டுமானால் அதே பையை இரவு முழுவதும் வைத்து மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும், நாங்கள் அப்படியே செய்கிறோம். ஒரு மில்லிலீற்றருக்குப் பதிலாகப் பத்து மில்லிலீற்றரைச் சுழற்றினால் எல்லை பத்து மடங்கு கீழே இறங்கும். ஆனால் நண்டின் கொழுப்பும் நிறப்பொருட்களும் அதே அளவுக்குக் கூடி வந்து நொதியத்தைத் தடுக்கின்றன.

குழம்பிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எளிய வேலை. பெரிய துணுக்குகள் அடியில் படிய விட்டு, மேலே உள்ள ஒரு மில்லிலீற்றரை மையநீக்கியில் சுழற்றி, அடியில் திரளும் கலங்களை ஒருமுறை கழுவி, 100 மைக்ரோலீற்றர் தூய நீரில் கலக்கிப் பத்து நிமிடம் கொதிநீரில் வைக்கிறோம். பின் ஐஸில் குளிரவைத்து மீண்டும் சுழற்றித் தெளிந்த நீரை எடுக்கிறோம். கலவை ஒவ்வொன்றும் 25 மைக்ரோலீற்றர்: மக்னீசியம் சல்பேற்று 8 மில்லிமோலார், பீற்றெய்ன் 0.8 மோலார், உட்பிரைமர்கள் தலா 1.6 மைக்ரோமோலார், வெளிப்பிரைமர்கள் தலா 0.2, கண்ணிப் பிரைமர்கள் தலா 0.8, சாயம் 120 மைக்ரோமோலார், நொதியம் 8 அலகு, இவற்றோடு 2 மைக்ரோலீற்றர் மாதிரி. இந்த அளவுகளில் பெரும்பாலானவை லாம்ப் செய்பவர்கள் பொதுவாகத் தொடங்கும் அளவுகள்தாம். பிரைமர் தொகுதி மாறினால் மக்னீசியத்தின் அளவைத் திரும்பவும் ஒத்துப்பார்க்க வேண்டும்.

இந்த முறையின் வலிமையே அதன் ஆபத்தும் ஆகும். ஒரு மணி நேரத்தில் நூறு கோடி மடங்காகப் பெருகிய டி.என்.ஏ. நிறைந்த குழாயை ஒருமுறை திறந்தால், கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அது மேசையிலும் பிப்பெற்றிலும் கையுறையிலும் படிந்து, அடுத்த நாள் வெறும் நீர் இட்ட குழாயையும் நீலமாக்கிவிடும். அப்படி ஒருமுறை பரவினால் நீக்குவது மிகக் கடினம். ஆகவே எங்கள் முதல் விதி: ஓடி முடிந்த குழாய் எக்காரணத்துக்காகவும் திறக்கப்படாது. கலவை தயாரிக்கும் அறை வேறு, மாதிரி சேர்க்கும் மேசை வேறு, அடுப்பு இருக்கும் இடம் வேறு. பிப்பெற்றுகளும் மேலங்கிகளும் ஒரு திசையில் மட்டுமே நகரும், திரும்பி வராது. முடிந்த குழாய்களை இரட்டைப் பையில் இறுகக் கட்டி அகற்றுகிறோம். அவற்றை ஓட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கிருமிநீக்கியில் இடுவதில்லை, ஏனெனில் அங்கே மூடி திறந்தால் நீராவியோடு டி.என்.ஏ. அறை முழுவதும் பரவும். வளர்ப்புக் குழம்பு இதற்கு நேர்மாறு. அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் செய்யாமல் வெளியே போகவே கூடாது. மேசையைத் துடைப்பதற்கு மதுசாரம் போதாது. மதுசாரம் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.யைச் சிதைக்காது, அதற்கு வெளிற்றும் திரவத்தைப் பத்து நிமிடம் நிறுத்தி, பின் தூய நீரால் துடைக்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் மாதிரிகளோடு மூன்று கட்டுப்பாட்டுக் குழாய்கள் செல்கின்றன. ஒன்றில் தூய நீர் மட்டும். அது நீலமானால் அன்றைய விடைகள் அனைத்தும் தள்ளுபடி. இன்னொன்றில் உறுதிசெய்யப்பட்ட விப்ரியோவின் டி.என்.ஏ.; அது ஊதாவாகவே நின்றால் நொதியமோ அடுப்போ சரியில்லை. மூன்றாவதில் நண்டு மாதிரியோடு அந்த உறுதியான டி.என்.ஏ.யையும் சேர்த்து விடுகிறோம். இது நீலமாகாவிட்டால் நண்டிலிருந்து வந்த ஏதோ ஒன்று நொதியத்தைத் தடுக்கிறது என்று பொருள், மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மீண்டும் ஓட்டுவோம். இந்த மூன்றாவது குழாயைச் செலவு கருதி விட்டுவிடுபவர்கள் பொய்யான நிம்மதியை விற்கிறார்கள் என்றே சொல்வேன். நிறத்தை அறுபதாவது நிமிடத்தில், சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து, எந்தக் குழாயில் எது என்று அறியாத ஒருவர் வாசிக்கிறார். மஞ்சள் மின்குமிழின் கீழ் ஊதாவும் நீலமும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகத் தோன்றும். அறுபது நிமிடத்துக்கு மேலும் வைத்துப் பார்ப்பதில்லை. நேரம் நீண்டால் பிரைமர்கள் தமக்குள் பிணைந்து பெருகி, நீர்க் குழாயும் நீலமாகலாம்.

டி.என்.ஏ.யைத் தேடும் எந்தச் சோதனைக்கும் உயிருள்ள கிருமிக்கும் இறந்த கிருமிக்கும் வேறுபாடு தெரியாது. அவித்த நண்டுச் சதையில் இறந்த கிருமியின் டி.என்.ஏ. எஞ்சியிருக்கலாம்; அதைக் கண்டு ஒருவருடைய பொருளைத் தடுத்து வைப்பது அநியாயம். இதற்காகக் குழம்பில் மாதிரியை இட்டுப் பிசைந்த உடனேயே ஒரு மில்லிலீற்றரை எடுத்து வைத்து, ஆறு மணி நேரம் கழித்து எடுத்ததோடு சேர்த்து ஓட்டுகிறோம். தொடக்கக் குழாய் ஊதாவாக நின்று ஆறு மணி நேரக் குழாய் நீலமானால், இடையில் பெருகியிருக்கிறது, உயிரோடு இருக்கிறது. இரண்டும் நீலமானால் இரண்டையும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து எது நீண்ட தூரம் நீலமாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

விடை கிடைத்த மாதிரியையும் கிடைக்காத மாதிரியையும் விப்ரியோக்களை வளர்த்துப் பிரித்தறிய உதவும் ரி.சி.பி.எஸ். ஏகார் தட்டுகளில் இட்டு ஒப்பிடுவதையும் விடவில்லை. அந்தத் தட்டில் விப்ரியோ பராஹீமோலிற்றிகஸ் பச்சைக் கூட்டங்களாகவும், சுக்குரோசை நொதிக்கச் செய்யும் விப்ரியோ அல்ஜினோலிற்றிகஸ் என்னும் இன்னொரு இனம் மஞ்சள் கூட்டங்களாகவும் வளரும். கடல் மாதிரிகளில் மஞ்சள் இனம் பெருகித் தட்டையே மூடிவிடுவதுண்டு, டி.என்.ஏ. சோதனை இருக்கிறது என்று சொல்ல, தட்டு இல்லை என்று சொல்வதற்கு அது ஒரு காரணம். குளிரிலும் பட்டினியிலும் விப்ரியோக்கள் உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போகும் என்பது 1982 முதல் அறியப்பட்டது. அது இன்னொரு காரணம்.

நேரக் கணக்கு இப்படி அமைகிறது. காலை ஏழரைக்குப் பை குழம்பில், பகல் ஒன்றரைக்கு எடுத்துச் சுழற்றுதல், இரண்டரைக்கு அடுப்பில், மூன்றரைக்கு நிறம். மாதிரியை நீர்த்து மீண்டும் ஓட்ட நேர்ந்தாலும் ஐந்து மணிக்கு முன் முடியும்.

வியாபாரியிடம் எதைச் சொல்வது என்பதில் நாங்கள் மிகவும் கவனமாக இருக்கிறோம். இனத்தைக் காட்டும் ரி.எல்.எச். மரபணு இருப்பது, பற்றீரியா இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். கடலில் வாழும் இந்த இனத்தின் மிகச் சிறு பகுதியே நோய் செய்யக்கூடியது. அதை அறிய ரி.டி.எச்., ரி.ஆர்.எச். என்னும் இரு மரபணுக்களைத் தனித்தனிக் குழாய்களில் தேட வேண்டும். ரி.டி.எச். மரபணு உருவாக்கும் குருதிக்கலம் சிதைக்கும் நச்சு, 100 பாகையில் பத்து நிமிடம் வைத்தாலும் செயல் இழக்காதது. ரி.எல்.எச். குழாய் நீலமாகி மற்ற இரண்டும் ஊதாவாக நின்றால், ஐஸைப் புதுப்பித்து 5 பாகைக்குக் கீழே வைத்து வழமைபோல் அனுப்பலாம் என்றும், பச்சையாக உண்ணும் தயாரிப்புக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதிக் கொடுக்கிறோம். மற்ற இரண்டில் ஒன்று நீலமானால், அந்தப் பெட்டியை அன்று அனுப்பாமல் தனியே குளிரில் வைக்கச் சொல்லி, மறுநாள் இரவுக் குழம்பின் விடையையும் தட்டின் விடையையும் சேர்த்துச் சொல்கிறோம். மூன்றும் ஊதாவாக இருந்தால் "ஆறு மணி நேர வளர்ப்பில் காணப்படவில்லை, இரவு வளர்ப்பின் முடிவு நாளை" என்று, வளர்ப்பு நேரத்தையும் சேர்த்தே தாளில் எழுதுகிறோம். அந்த இரண்டாவது பாதியை எழுதாமல் "இல்லை" என்று மட்டும் தரும்படி சிலர் கேட்பதுண்டு. அப்படித் தருவதில்லை.